கைபேசி எண்: பயன்பாடும் பாதுகாப்பும்

கைபேசி எண் என்பது கைபேசிச் சேவை நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு ஒதுக்கித் தரும் தொலைபேசி எண் ஆகும். இந்தியாவில் இது 10 இலக்கங்களைக் கொண்டது. 6, 7, 8, 9 ஆகியவற்றுள் ஒன்றில் தொடங்கும். வெளிநாட்டிலிருந்து அழைப்பவர்கள் இதன் முன்னால் நாட்டுக் குறியீடான 91 என்பதைச் சேர்க்க வேண்டும். 2021 ஜனவரி 15 முதல் தரைவழித் தொலைபேசியிலிருந்து கைபேசியை அழைப்பவர்கள் முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்ற முறை நடைமுறையில் உள்ளது.

தொடக்கத்தில் இது ஒருவரை அழைப்பதற்கான எண்ணாக மட்டுமே இருந்தது. இன்று வங்கி, ரேஷன் கடை, ஆதார், எரிவாயு முகவர், கல்லூரி விண்ணப்பம் என எல்லா இடங்களிலும் ஒருவரை அடையாளம் காண இந்த எண்ணே பயன்படுகிறது. கைபேசி தொலைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். எண் கைவிட்டுப் போனால் வங்கிக் கணக்கு முதல் அரசு உதவித்தொகை வரை பலவற்றுக்கும் வழி அடைபடும். சிற்றூர்களில் இதன் பாதிப்பு அதிகம். தென்காசி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த ராயகிரி போன்ற ஊர்களின் அன்றாட வாழ்வை மனத்தில் கொண்டு, கைபேசி எண் எவ்வாறு செயல்படுகிறது, எப்போது பறிபோகிறது, எவ்வாறு காப்பது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

எண், சிம் அட்டை, கைபேசி

இம்மூன்றையும் ஒன்றாகவே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இவை வெவ்வேறானவை.

கைபேசி என்பது கருவி. ஒவ்வொரு கருவிக்கும் 15 இலக்கங்கள் கொண்ட ஐ.எம்.இ.ஐ. எண் உண்டு. இரண்டு சிம் போடும் கைபேசிக்கு இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்கள் இருக்கும். *#06# என்று அழுத்தினால் அவை திரையில் தோன்றும். வாங்கிய பெட்டியிலும் அச்சிடப்பட்டிருக்கும்.

சிம் அட்டை என்பது வாடிக்கையாளரை நெட்வொர்க்கிற்கு அடையாளம் காட்டும் சிறு சில்லு. இதற்குள் ஐ.எம்.எஸ்.ஐ. எனப்படும் தனி அடையாள எண்ணும், அதைச் சரிபார்ப்பதற்கான மறைகுறியீடும் இருக்கின்றன. நாம் பிறருக்குக் கொடுக்கும் 10 இலக்க எண் இதிலிருந்து வேறானது. எந்தக் கைபேசி எண்ணுக்கு எந்தச் சிம் என்ற பதிவு சேவை நிறுவனத்தின் தரவுத்தளத்தில் இருக்கிறது. யாராவது நம்மை அழைத்தால், நெட்வொர்க் அந்தத் தரவுத்தளத்தைப் பார்த்து, நம் சிம் அப்போது எந்தப் பகுதியில் இருக்கிறது என்று அறிந்து, அங்குள்ள கோபுரம் வழியாக மணியடிக்கச் செய்கிறது.

சிம் தொலைந்தாலும் அதே எண்ணைத் திரும்பப் பெற முடிவது இதனால்தான். நிறுவனம் புதிய சிம் ஒன்றைக் கொடுத்து, பழைய எண்ணை அதனோடு இணைத்துவிடும். பழைய சிம் அந்நேரமே செயலிழக்கும். இந்த வசதியையே மோசடிக்காரர்கள் தவறாகப் பயன்படுத்துகின்றனர். பிறர் பெயரில் போலி ஆவணம் காட்டி மாற்றுச் சிம் வாங்கிவிட்டால், அந்த எண்ணுக்கு வரும் செய்திகள் எல்லாம் அவர்களுக்குப் போய்ச் சேரும். இதைத் தடுக்கவே, மாற்றுச் சிம் கொடுத்த பின் முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வசதியை நிறுத்தி வைக்குமாறு தொலைத்தொடர்புத் துறை 2022-இல் உத்தரவிட்டது. புதுச் சிம் போட்டதும் ஓ.டி.பி. வரவில்லையே என்று பதறுபவர்கள் இந்த ஒரு நாள் காத்திருப்பின் காரணத்தை அறிந்திருப்பது நல்லது.

அழைப்பதற்கு மட்டும் இருந்த காலம்

இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. அப்போதைய மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து, மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அதே ஆண்டில் சென்னையிலும் கைபேசிச் சேவை தொடங்கியது. அழைப்பவர் மட்டுமல்லாமல் அழைக்கப்படுபவரும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்த காலம் அது. அதனால் கைபேசி வைத்திருந்தவர்களும் அதில் பேசத் தயங்கினர்.

2002-இல் பி.எஸ்.என்.எல். நிறுவனம் 'செல்ஒன்' என்ற பெயரில் கைபேசிச் சேவையைத் தொடங்கியது. 2003-இல் உள்வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் இல்லை என்ற நிலை வந்தது. அதன் பிறகே கைபேசி சிற்றூர்களுக்கும் பரவலாக வந்து சேர்ந்தது. எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்றும், பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுத்து வைத்தும் பேசிக்கொண்டிருந்த குடும்பங்களுக்குத் தனக்கென்று ஓர் எண் கிடைத்தது.

அக்காலத்தில் வெளிச்செல்லும் அழைப்புக்குக் காசு செலவானதால் 'மிஸ்டு கால்' என்ற வழக்கம் பிறந்தது. ஒருமுறை மணியடித்து நிறுத்தினால் 'பஸ் ஏறிவிட்டேன்', இருமுறை அடித்தால் 'திரும்ப அழை' என்று வீட்டுக்கு வீடு ஒரு மொழி இருந்தது. ஒரு காசு செலவில்லாமல் செய்தி போய்ச் சேர்ந்தது. எண்ணைப் பார்த்தே அழைப்பவர் யார் என்று தெரிந்துவிடுவதால்தான் இது சாத்தியமாயிற்று. பின்னாளில் வங்கிகளும் இதே முறையைக் கையாண்டன. பதிவு செய்த எண்ணிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் கணக்கில் உள்ள இருப்பு குறுஞ்செய்தியாக வரும். பெயரோ கணக்கு எண்ணோ சொல்ல வேண்டியதில்லை, அழைக்கும் எண்ணே ஆளைக் காட்டிவிடுகிறது.

2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் வணிகச் சேவையைத் தொடங்கியபின் அழைப்புக் கட்டணம் தனியாக இல்லை என்ற நிலை பரவியது. மிஸ்டு காலின் தேவை குறைந்தது. எண்ணை அடையாளமாகப் பயன்படுத்தும் வழக்கமோ பெருகியது.

எண் அடையாளமாக மாறிய விதம்

2009-இல் இணையவழி அட்டைப் பரிவர்த்தனைகளுக்குக் கூடுதல் சரிபார்ப்பு ஒன்று வேண்டும் என ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல், அதாவது ஓ.டி.பி., இதற்கு எளிய வழியாக அமைந்தது. பின்னர் அரசு அலுவலகங்களும் தனியார் நிறுவனங்களும் இதையே பின்பற்றின.

2016-இல் இந்தியத் தேசியப் பணப்பட்டுவாடா கழகம் யு.பி.ஐ. முறையை அறிமுகப்படுத்தியது. இதன் அடித்தளமும் கைபேசி எண்தான். யு.பி.ஐ. செயலியை முதன்முறை நிறுவும்போது, கைபேசி தானாகவே ஒரு குறுஞ்செய்தியை அனுப்புகிறது. அது எந்த எண்ணிலிருந்து வந்தது என்று பார்த்து, அந்த எண் பதிவாகியுள்ள வங்கிக் கணக்கு கண்டறியப்படுகிறது. வங்கியில் கொடுத்த எண்ணின் சிம் அந்தக் கைபேசிக்குள் இல்லாவிட்டால் செயலி முதல் படியிலேயே நின்றுவிடும்.

இணையம் இல்லாத பட்டன் போன்களுக்கும் இதே அடிப்படையில் வசதிகள் உள்ளன. *99# என்று அழைத்து வங்கி இருப்பு பார்க்கவும் பணம் அனுப்பவும் முடியும். 2022 மார்ச்சில் 'யு.பி.ஐ. 123பே' என்ற சேவையும் பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. கைபேசி எண்ணையே பணக் கணக்காகப் பயன்படுத்தும் முறைக்கு உலக அளவில் புகழ்பெற்ற முன்னோடி, கென்யாவில் 2007-இல் தொடங்கிய எம்-பெசா சேவை ஆகும்.

தமிழ்நாட்டில் ரேஷன் மின்னணு அட்டை 2017-இல் வழக்கத்துக்கு வந்தது. கடையில் வாங்கிய பொருள்களின் விவரம் பதிவு செய்த எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது. வாங்காத பொருளுக்குச் செய்தி வந்தால் கேள்வி கேட்க அதுவே சான்று. 2023 செப்டம்பர் 15 முதல் வழங்கப்படும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையான மாதம் 1000 ரூபாய் வங்கியில் வரவாவதையும் பெண்கள் பெரும்பாலும் குறுஞ்செய்தி மூலமே அறிந்துகொள்கின்றனர். சான்றிதழ்களுக்காக இ-சேவை மையத்துக்குச் சென்றாலும் 'ஓ.டி.பி. சொல்லுங்கள்' என்பதே முதலில் கேட்கப்படுவதாக இருக்கிறது.

ஒரு வீடும் ஓர் எண்ணும்

இந்த முறையில் ஒரு சிக்கல் மறைந்திருக்கிறது. ஒருவருக்கு ஓர் எண், அந்த எண் எப்போதும் அவர் கையிலேயே இருக்கும் என்ற எண்ணத்தில் இது வடிவமைக்கப்பட்டுள்ளது. சிற்றூர்க் குடும்பங்களில் நிலைமை வேறு.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தாய், தந்தை இருவர் கணக்கிலும் மகனுடைய எண்ணே கொடுக்கப்பட்டிருக்கிறது. கணக்குத் தொடங்கிய நாளில் வீட்டில் இருந்தது அந்த ஒரு கைபேசிதான். பிறகு மகன் வேலைக்காகத் திருப்பூருக்கோ சென்னைக்கோ வளைகுடா நாட்டுக்கோ போய்விடுகிறான். தாய் இ-சேவை மையத்தில் நிற்கும்போது ஓ.டி.பி. மகனுக்குப் போகிறது. அவன் வேலை நேரத்தில் கைபேசியை எடுக்க முடியாமல் இருக்கலாம். சில நிமிடங்களில் அந்தக் கடவுச்சொல் காலாவதியாகிவிடும். தாய் திரும்பி வந்து மறுநாள் மீண்டும் போக வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடுகிறது.

மகன் வெளிநாட்டில் இருந்தால் இன்னும் சிக்கல். இந்தியச் சிம்மில் பன்னாட்டு ரோமிங் செயல்படுத்தப்படாமல் இருந்தால் குறுஞ்செய்தியே வராது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண்ணும் போய்விடும். வெளிநாடுவாழ் இந்தியர்கள் தங்கள் என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்குகளுக்கு அந்த நாட்டு எண்ணையே கொண்டு யு.பி.ஐ. பயன்படுத்த 2023-இல் அனுமதி அளிக்கப்பட்டது. சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, கத்தார், ஓமன் உள்ளிட்ட 10 நாடுகள் முதற்கட்டத்தில் இடம்பெற்றன. ஊரில் உள்ள பெற்றோரின் கணக்கோடு இணைந்த எண்ணுக்கு இது தீர்வாகாது.

இதற்கான வழி எளியது. வீட்டில் ஒவ்வொருவருடைய கணக்கிலும் அவரவர் கையில் இருக்கும் எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். வங்கியில் எண்ணை மாற்ற, கணக்கு வைத்திருப்பவர் கிளைக்குச் சென்று படிவம் கொடுக்கலாம். ஆதாரில் உள்ள எண்ணை ஆதார் சேவை மையத்தில் மாற்றலாம். அஞ்சல்காரர் மூலம் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளும் வசதியும் 2021 முதல் உள்ளது. வெளியூர் செல்பவர் புறப்படுவதற்கு முன்பே இவற்றை முடித்துவிடுவது நல்லது. அவர் போன பிறகு பழைய எண்ணுக்கு ஓ.டி.பி. தேவைப்படும் வேலைகள் கடினமாகிவிடும்.

குறுஞ்செய்தியும் தமிழும்

வங்கிகள் அனுப்பும் குறுஞ்செய்திகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. 'இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்ற எச்சரிக்கையும் அதே செய்தியில் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவருக்கு அந்த ஆறு இலக்கங்கள் மட்டுமே புரியும். எச்சரிக்கை புரியாது. தொலைபேசியில் ஒருவர் நல்ல தமிழில், மரியாதையாக, 'அம்மா, இப்போது வந்த நம்பரைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் சொல்லிவிட வாய்ப்பு மிகுதி.

இதற்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்துகள் 160 வரை அடங்கும். தமிழை ஒருங்குறியில் அனுப்பும்போது 70 குறிகள் மட்டுமே அடங்கும். தமிழில் 'கை' என்ற ஓர் எழுத்தும் கணினிக்கு இரண்டு குறிகள் ஆகும். எனவே ஒரே செய்தியைத் தமிழில் அனுப்பினால் அது இரண்டு, மூன்று செய்திகளாகப் பிரிந்து செலவு கூடுகிறது. எனினும் வங்கிக் கிளையிலோ செயலியிலோ மொழியைத் தமிழாக மாற்றும் வசதி உள்ளதா எனக் கேட்டுப் பார்க்கலாம். மாணவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வரும் செய்திகளைப் படித்து, எது வரவு, எது பற்று, எது ஓ.டி.பி. என்று பிரித்துக் காட்டிப் பழக்குவதும் பெரிய உதவியாகும்.

உண்மையான நிறுவனச் செய்திகளை அனுப்புநர் பெயரைக் கொண்டு ஓரளவு அடையாளம் காணலாம். அவை 10 இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வருவதில்லை. பதிவு செய்யப்பட்ட எழுத்துச் சுருக்கத்திலிருந்து வரும். 2025 முதல் அந்தச் சுருக்கத்தின் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் சேர்க்கப்படுகிறது. 'பி' என்றால் விளம்பரம், 'எஸ்' என்றால் சேவை, 'டி' என்றால் பரிவர்த்தனை, 'ஜி' என்றால் அரசு. அதுபோல, 140 எனத் தொடங்கும் எண்கள் விளம்பர அழைப்புகளுக்கும், 160 எனத் தொடங்கும் எண்கள் வங்கி போன்ற நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. சாதாரணக் கைபேசி எண்ணிலிருந்து பேசுபவர் 'வங்கி மேலாளர்' என்று சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

எண் எப்போது பறிபோகும்?

கைபேசி எண் நமக்குச் சொந்தமானது அல்ல. எண்கள் நாட்டின் பொது வளம். அரசு அவற்றை நிறுவனங்களுக்கு ஒதுக்க, நிறுவனங்கள் நமக்குப் பயன்படுத்தத் தருகின்றன. பயன்படுத்தாமல் விட்டால் திரும்பப் பெற்று வேறொருவருக்குக் கொடுப்பார்கள்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-இல் இதற்கு விதி வகுத்தது. முன்கட்டண எண்ணில் 90 நாள்கள் அழைப்பு, குறுஞ்செய்தி, இணையம் எதுவும் இல்லாவிட்டால் அதைச் செயலிழக்கச் செய்யலாம். கணக்கில் 20 ரூபாயேனும் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மேலும் 30 நாள்கள் நீட்டிக்க வேண்டும். செயலிழந்த பின்னும் 15 நாள்களுக்குள் அணுகினால் எண்ணைத் திரும்பப் பெறலாம். 2018-இன் பிற்பகுதியில் தனியார் நிறுவனங்கள் குறைந்தபட்ச ரீசார்ஜ் முறையைக் கொண்டுவந்தன. அதுமுதல் ரீசார்ஜ் காலம் முடிந்ததும் வெளிச்செல்லும் அழைப்பும், சில நாள்களில் உள்வரும் அழைப்பும் நின்றுவிடுகின்றன.

வயதானவர்களுக்கு இது சுமையாக உள்ளது. பட்டன் போன் வைத்திருப்பவருக்கு இணையம் தேவையில்லை. ஆனால் கடைகளில் போடப்படும் ரீசார்ஜ் திட்டங்களில் பெரும்பாலும் இணையமும் சேர்ந்தே வருகிறது. இதைக் கருத்தில் கொண்டு, அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டங்களையும் வழங்க வேண்டும் என 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. சிறப்பு ரீசார்ஜின் காலத்தை 365 நாள்கள் வரை வழங்கவும் அனுமதித்தது. கடையில் 'இணையம் இல்லாத திட்டம் எது?' என்று கேட்டால்தான் இது தெரியவரும்.

கைவிடப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள்கள் கழித்தே புதியவருக்கு ஒதுக்குவார்கள். இது தொடர்பான வழக்கில் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பழைய எண்ணோடு இணைந்த தரவுகளை நீக்கிக்கொள்வது வாடிக்கையாளரின் பொறுப்பு என்ற கருத்தில் மனுவை முடித்து வைத்தது. எண்ணைக் கைவிடுபவர் வங்கி, ஆதார், வாட்ஸ்அப், மின்னஞ்சல் ஆகியவற்றில் புதிய எண்ணைப் பதிந்த பின்னரே பழையதை விட வேண்டும். இல்லையெனில் நம்முடைய ஓ.டி.பி. முன்பின் அறியாத ஒருவருக்குப் போய்ச் சேரும். அவர் எந்தக் குற்றமும் செய்யாதவராகவே இருக்கலாம். ஆனால் நம் வீட்டுச் சாவி அவர் கையில் இருக்கிறது.

நிறுவனம் மாறினாலும் எண் மாறாமை

எண்ணை மாற்றாமலேயே சேவை நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதிக்கு எண் பெயர்வுத் திறன் என்று பெயர். சிங்கப்பூர் 1997-இலேயே இதைத் தொடங்கியது. இந்தியாவில் 2010 நவம்பரில் ஹரியானாவிலும், 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. முதலில் ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மட்டும் இது சாத்தியமாக இருந்தது. 2015 ஜூலை 3 முதல் எந்த மாநிலத்துக்குச் சென்றாலும் அதே எண்ணை வைத்துக்கொள்ள முடிகிறது.

செய்முறை எளிது. 'போர்ட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, இடம் விட்டு, கைபேசி எண்ணைச் சேர்த்து 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். தனிக் குறியீடு ஒன்று வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாள்கள் செல்லும். அதைப் புதிய நிறுவனத்தின் கடையில் கொடுத்தால் போதும். எண் 90 நாள்களாவது பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும். மாற்றுச் சிம் வாங்கிய 7 நாள்களுக்குள் இந்தக் குறியீடு கிடைக்காது என்ற பாதுகாப்பு விதி 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது.

இந்த வசதியின் அருமையைத் தமிழ்நாடு 2018-இல் உணர்ந்தது. 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட ஏர்செல், மாநிலத்தின் முன்னணி நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்திருந்தது. கடன் சுமையாலும் கடும் போட்டியாலும் நலிந்த அந்நிறுவனத்தின் சேவை, 2018 பிப்ரவரியில் மாநிலத்தின் பல பகுதிகளில் திடீரென முடங்கியது. பிப்ரவரி இறுதியில் நிறுவனம் திவால் நடவடிக்கையை நாடியது. வாடிக்கையாளர்களுக்கு அழைப்பு மட்டும் நின்றுபோகவில்லை. ஓ.டி.பி. வரவில்லை. வங்கிப் பரிவர்த்தனைகள் தடைப்பட்டன. நிறுவனம் மாறத் தேவையான குறியீடும் குறுஞ்செய்தியில்தான் வர வேண்டும். நெட்வொர்க் இல்லாத கைபேசிக்கு அது எப்படி வரும்? குறியீட்டைப் பெற மக்கள் கடைகளில் கூடினர், சிக்னல் கிடைக்கும் இடம் தேடி அலைந்தனர். டிராய் தலையிட்டுக் குறியீடு வழங்க ஏற்பாடு செய்தது. பல இலட்சம் பேர் வேறு நிறுவனங்களுக்கு மாறினர். எண் ஒரு குடும்பத்தின் பணத்தோடும் அடையாளத்தோடும் எவ்வளவு பின்னிவிட்டது என்பதை அந்த நாள்கள் வெளிப்படையாகக் காட்டின.

கைபேசி தொலைந்தால்

கைபேசி தொலைந்த உடனே செய்ய வேண்டிய முதல் வேலை, வேறொரு கைபேசியிலிருந்து சேவை நிறுவனத்தை அழைத்துச் சிம்மை முடக்கச் சொல்வது. கருவியைவிட எண்ணைக் காப்பதே அவசரம். அடுத்து வங்கிக்குத் தெரிவித்து யு.பி.ஐ. சேவையை நிறுத்த வேண்டும். பின்னர் காவல்துறையில் புகார் அளித்து அதன் நகலைப் பெற வேண்டும். அதே எண்ணுக்கு மாற்றுச் சிம் வாங்கியபின், மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' வலைவாசலில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பதிந்து கருவியை முடக்கலாம். 2023 மே மாதம் தொடங்கப்பட்ட இவ்வலைவாசலில் முடக்கப்பட்ட கைபேசி, எந்தச் சிம் போட்டாலும் இந்திய நெட்வொர்க்குகளில் வேலை செய்யாது. யாரேனும் வேறு சிம் போட்டு முயன்றால் அத்தகவல் காவல்துறையின் தேடலுக்கு உதவும். கைபேசி கிடைத்துவிட்டால் முடக்கத்தை நீக்கிக்கொள்ளலாம்.

இதே வலைவாசலில் நம் பெயரில் எத்தனை எண்கள் உள்ளன என்றும் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் 9 இணைப்புகள் வரை வைத்துக்கொள்ளலாம். நாம் வாங்காத எண் பட்டியலில் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். நம் பெயரில் உள்ள சிம்மால் யாரேனும் குற்றம் செய்தால் விசாரணை முதலில் நம் வாசலுக்கே வரும்.

சிம்முக்குப் பூட்டு போடும் வசதியும் உண்டு. அமைப்புகள் பகுதியில் 'சிம் லாக்' என்பதை இயக்கினால், வேறு கைபேசியில் அந்தச் சிம்மைப் போடும்போது கடவு எண் கேட்கும். மூன்று முறை தவறாக இட்டால் 8 இலக்க 'பக்' எண் தேவைப்படும். அதையும் பத்து முறை தவறாக இட்டால் சிம் நிலையாகச் செயலிழக்கும். எனவே கடவு எண்ணை வீட்டில் ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது.

அழைப்பைத் திருப்பிவிடும் மோசடி

ஓ.டி.பி. கேட்பது பலரும் அறிந்த மோசடி. அவ்வளவாக அறியப்படாதது அழைப்புத் திருப்பல். 'உங்கள் சிம் இன்று முடக்கப்படும், அதைத் தவிர்க்க *401* என்று தொடங்கி இந்த எண்ணைச் சேர்த்து அழுத்துங்கள்' என்பார்கள். அழுத்தியதும் நமக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அவர்களுக்குத் திரும்பிவிடும். ஓ.டி.பி.-யைக் குரலழைப்பாகக் கேட்டுப் பெற்றுக்கொள்வார்கள். இதன் காரணமாகக் குறியீடு வழி அழைப்புத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. நம் அழைப்புகள் திருப்பப்பட்டுள்ளனவா என்று அறிய *#21# என அழுத்திப் பார்க்கலாம். எல்லாத் திருப்பல்களையும் நீக்க ##002# பயன்படும்.

பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இது தேசிய சைபர் குற்ற உதவி எண். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்தி வைக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வெட்கப்பட்டு மறைப்பது மோசடிக்காரருக்கே உதவும்.

மலையடிவாரமும் எண் தேவைப்படாத எச்சரிக்கையும்

கோபுரத்திலிருந்து வரும் அலைகளை மலைகள் மறைக்கும். அதனால் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய தோட்டங்களிலும் பள்ளங்களிலும் சிக்னல் குறைந்தும் விட்டுவிட்டும் கிடைப்பது இயல்பு. சிக்னல் தேடித் தேடிக் கைபேசி அதிக ஆற்றலைச் செலவிடுவதால் மின்கலமும் விரைவில் இறங்கும். செங்கோட்டை, புளியரை போன்ற எல்லைப் பகுதிகளில் கேரள வட்டத்தின் கோபுரத்தைக் கைபேசி பிடித்துக்கொள்ளவும் கூடும். ஒரு காலத்தில் இதற்கு ரோமிங் கட்டணம் பிடிக்கப்பட்டது. இன்றைய திட்டங்களில் உள்நாட்டு ரோமிங்குக்குப் பொதுவாகத் தனிக் கட்டணம் இல்லை.

தன் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்திலும், வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் அவசர அழைப்பு இணைக்கப்படும் வகையில் கைபேசித் தொழில்நுட்பம் அமைந்துள்ளது. திரையில் 'அவசர அழைப்புகள் மட்டும்' என்று தெரிந்தால் 112-ஐ முயன்று பார்க்கலாம்.

எண்ணைச் சாராத ஒரு சேவையும் உண்டு. அது 'செல் பிராட்காஸ்ட்' எனப்படும் பகுதிவாரி ஒலிபரப்பு. குறுஞ்செய்தி ஒவ்வோர் எண்ணாகத் தேடிப் போகும். இதுவோ கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் கைபேசிகள் அனைத்துக்கும் ஒரே நேரத்தில் போகும். யார் எந்த ஊர்க்காரர் என்று அறிய வேண்டியதில்லை. 2023-இல் நாட்டின் பல பகுதிகளிலும் தமிழ்நாட்டிலும் இது சோதித்துப் பார்க்கப்பட்டது. கைபேசி பெரிய ஒலியெழுப்பி எச்சரிக்கையைக் காட்டியதைப் பலர் நினைவில் வைத்திருப்பர்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து, குளிக்க வந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். மலைக்கு மேலே பெய்யும் மழை அடிவாரத்தில் நிற்பவர்களுக்குத் தெரிவதில்லை. குற்றாலத்துக்கு வருவோரில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். அவர்களுடைய எண் உள்ளூர் நிர்வாகத்திடம் இருக்காது. இத்தகைய இடங்களுக்குப் பகுதிவாரி எச்சரிக்கை பொருத்தமானது. கைபேசி அமைப்புகளில் 'அவசர எச்சரிக்கை' என்ற வசதி இயக்கத்தில் உள்ளதா எனப் பார்த்து வைக்க வேண்டும். அருவியில் குளிக்கும்போது கைபேசி பைக்குள் இருக்கும் என்பதால், கரையில் ஒருவர் கைபேசியோடு இருப்பதும், காவலர்களின் சொல்லுக்குச் செவிசாய்ப்பதும் தேவை.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் வங்கிக் கணக்கு, ஆதார், ரேஷன் அட்டை ஆகியவற்றில் எந்த எண் உள்ளது என்று ஒரு தாளில் எழுதி வைக்கவும்.
2. அந்த எண்ணின் ரீசார்ஜ் முடியும் நாளையும் உடன் குறிக்கவும்.
3. ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கைபேசிக்குள் அல்லாமல் வெளியே குறித்து வைக்கவும். தொலைந்த கைபேசிக்குள் இருக்கும் குறிப்பால் பயனில்லை.
4. எண்ணைக் கைவிடும் முன் அதனோடு இணைந்த அனைத்தையும் மாற்றவும்.
5. விளம்பர அழைப்புகளை நிறுத்த 1909, பண மோசடிக்கு 1930, அவசர உதவிக்கு 112 ஆகிய எண்களைப் பெரியவர்களுக்கும் தெரியும்படி எழுதி ஒட்டவும்.
6. ஓ.டி.பி. என்பது கையெழுத்துக்கு நிகர். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுத் தராதவர்கள் ஓ.டி.பி.-யையும் தர வேண்டியதில்லை.

வீட்டுப் பத்திரத்தையும் வங்கிப் புத்தகத்தையும் பெட்டியில் வைத்துப் பூட்டிக் காத்த தலைமுறைக்கு, சட்டைப் பையில் கிடக்கும் பத்து இலக்கங்கள் அதே அளவு மதிப்புடையவை என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டு மேற்கண்ட பட்டியலைப் பெரியவர்களோடு உட்கார்ந்து எழுதினால் போதும், அந்த வேலை நடந்துவிடும்.